சந்தா நின்றால் ஆட்டமும் நிற்கும்

கணினியில் வீடியோ கேம் ஆடுவதற்காக மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விற்கும் 'பிசி கேம் பாஸ்' மாதச் சந்தா, 2024 ஜூன் வரை இந்தியாவில் 349 ரூபாய். அடுத்த மாதமே அது 449 ரூபாய் என அறிவிக்கப்பட்டது. 2025 அக்டோபர் 1-ஆம் தேதி 939 ரூபாய் ஆனது. கணினி, கன்சோல் இரண்டிலும் ஆட வழிசெய்யும் 'அல்டிமேட்' சந்தா இதே காலத்தில் 549 ரூபாயிலிருந்து 829 ரூபாய்க்கும், அங்கிருந்து 1,389 ரூபாய்க்கும் தாவியது. ஒன்றேகால் ஆண்டுக்குள் இரண்டரை மடங்குக்கும் மேல். வேறு எந்தப் பொருளின் விலை இப்படி ஏறியிருந்தாலும் ஊரே பேசியிருக்கும். இது பிள்ளைகளின் விளையாட்டுச் சமாச்சாரம் என்பதால் பேச்சே இல்லாமல் அட்டையிலிருந்து பணம் கழிந்துகொண்டிருக்கிறது.

பிள்ளைகளின் சமாச்சாரம் என்பதே பழைய எண்ணம். சந்தா கட்டுகிறவர்களில் ஐ.டி. அலுவலகத்தில் வேலை முடித்து இரவு பத்து மணிக்கு மேல் ஒரு மணி நேரம் ஆடுகிற முப்பத்தைந்து வயதுக்காரர்களும் உண்டு. அப்பாவின் அட்டை எண்ணைப் பதிந்து வைத்திருக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளும் உண்டு. இருவரும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது, கட்டுவதை நிறுத்தினால் என்ன மிஞ்சுகிறது?

இந்தச் சந்தாக்களின் தொடக்கமான, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கன்சோலுக்கான கேம் பாஸ் 2017 ஜூனில் அமெரிக்காவில் மாதம் 9.99 டாலருக்குத் தொடங்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்களை இறக்கிக்கொண்டு எவ்வளவு வேண்டுமானாலும் ஆடலாம் என்றார்கள். ஒரு புதிய ஆட்டத்தின் விலையே 60 டாலராக இருந்த காலம் அது. கேம் உலகிலேயே இதைவிட மலிவான பேரம் கிடையாது என்று எல்லோரும் எழுதினார்கள். அப்போது அது உண்மையும்கூட. 2019-இல் 14.99 டாலருக்கு அல்டிமேட் வந்தது. 2023-இல் அது 16.99, 2024-இல் 19.99, 2025 அக்டோபரில் 29.99. கடைசித் தாவல் மட்டும் ஒரே அறிவிப்பில் 50 சதவீதம். அந்த அறிவிப்பு வந்த அன்று சந்தாவை ரத்து செய்யும் இணையப் பக்கமே கூட்டம் தாங்காமல் திணறியதாகச் செய்திகள் வந்தன.

விலையேற்றத்துக்கு நிறுவனம் சொன்ன சமாதானத்தைக் கவனிக்க வேண்டும். நானூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் இருக்கின்றன, ஆண்டுக்கு எழுபத்தைந்துக்கும் மேற்பட்டவை வெளியாகும் நாளிலேயே கிடைக்கும், யூபிசாஃப்ட் நிறுவனத்தின் பழைய ஆட்டங்களையும் சேர்த்திருக்கிறோம், ஃபோர்ட்நைட் ஆட்டத்தின் மாதச் சந்தாவான 'குரூ'வும் உள்ளே வருகிறது என்றார்கள். ஃபோர்ட்நைட் ஆடாதவர் என்ன செய்வார்? அவரும் கட்டத்தான் வேண்டும். கேபிள் டிவி காலத்தில் யாருமே பார்க்காத சேனல்களை மூட்டையாகக் கட்டித் தலையில் ஏற்றினார்களே, அதே வித்தைதான். கேட்காத பொருளைக் கூடையில் போட்டுவிட்டுக் கூடைக்கு விலை ஏற்றுவது.

இத்தனைக்கும் நஷ்டத்தில் ஓடும் கடை இல்லை இது. கேம் பாஸ் ஆண்டு வருவாய் முதல்முறையாக ஏறக்குறைய 500 கோடி டாலரைத் தொட்டது என்று மைக்ரோசாஃப்ட் தலைவர் சத்யா நாதெள்ளா 2025 ஜூலை இறுதியில் முதலீட்டாளர்களிடம் பெருமையோடு சொன்னார். அதற்குப் பிறகு இரண்டே மாதத்தில் வந்தது 50 சதவீத உயர்வு.

சந்தா லாபமா என்ற கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2025 அக்டோபர் விலைப்படி அல்டிமேட் மாதம் 1,389 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 16,668 ரூபாய். பெரிய நிறுவனங்களின் புத்தம்புதிய ஆட்டம் ஒன்று இந்தியாவில் நாலாயிரத்திலிருந்து ஐயாயிரம் ரூபாய்வரை விற்கிறது. ஆக, ஆண்டுச் சந்தா மூன்று அல்லது நான்கு புதிய ஆட்டங்களின் முழு விலை. தள்ளுபடிக்காகச் சில மாதம் காத்திருக்கத் தெரிந்தவருக்கு இதே பணத்தில் பத்துப் பதினைந்து ஆட்டங்கள் கிடைத்துவிடும். ஸ்டீம் போன்ற இணையக் கடைகளில் கோடையிலும் குளிர்காலத்திலும் விலை பாதிக்கும் கீழே இறங்குவது வழக்கம். வேலைக்குப் போகிறவர் வாரத்துக்கு ஐந்தாறு மணி நேரம் ஆடினாலே அதிகம். கதையோடு கூடிய பெரிய ஆட்டம் ஒன்றை முடிக்க நாற்பது, ஐம்பது மணி நேரம் பிடிக்கும். அப்படியென்றால் இரண்டு மாதத்துக்கு ஒன்று, ஆண்டுக்கு ஆறு. நானூறு ஆட்டங்கள் என்ற எண்ணிக்கையில் இவருக்குப் பயன்படுவது ஆறு. போதாக்குறைக்கு, நம் இளைஞர்களில் கணிசமானோர் ஆடும் வேலரண்ட், பிஜிஎம்ஐ போன்றவை இலவசமாகவே கிடைப்பவை.

லாபமடைகிறவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. கையில் நேரமுள்ள கல்லூரி மாணவர், ஒரே கன்சோலைப் பகிர்ந்துகொள்ளும் மூன்று பிள்ளைகள் உள்ள வீடு, பெயர் தெரியாத சின்னச் சின்ன ஆட்டங்களை ஆர்வத்தோடு தேடிச் சுவைக்கும் ரசிகர் ஆகியோருக்கு இது இன்னும் பயனுள்ளதே. ஒரே ஒரு புதிய ஆட்டத்துக்காக ஒரு மாதம் மட்டும் சேர்ந்து, ஆடி முடித்து, விலகிவிடுகிறவரும் கெட்டிக்காரர்தான். ஆனால் இந்த வியாபாரம் நிற்பது அந்தக் கெட்டிக்காரரை நம்பி இல்லை. சேர்ந்ததை மறந்துபோய் மாதாமாதம் கட்டிக்கொண்டிருப்பவரை நம்பி.

விலையாவது கண்ணுக்குத் தெரிகிறது. இதைவிடக் கவலைக்குரியது சந்தாவின் பட்டியல் நம் கையில் இல்லை என்பது. கேம் பாஸில் பெரும்பாலும் மாத நடுவிலும் மாத இறுதியிலும் சில ஆட்டங்கள் வெளியேறும். 'விரைவில் வெளியேறுபவை' என்று ஒரு வரிசையில் போட்டுவிடுவார்கள். அதைப் பார்ப்பது நம் பொறுப்பு. கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5 ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஜனவரியில் உள்ளே வந்து மே மாதம் போனது. 2021 ஏப்ரலில் வந்து ஆகஸ்டில் போனது. 2023 ஜூலையில் வந்து 2024 ஜனவரியில் போனது. 2025 ஏப்ரலில் மறுபடி வந்தது. இது விருந்தாளியின் நடத்தை. ரெட் டெட் ரிடம்ப்ஷன் 2 என்ற ஆட்டத்தை முழுமையாக ஆட அறுபது மணி நேரத்துக்கு மேலாகும்; அது கேம் பாஸில் இருந்தது 2020 மே முதல் செப்டம்பர்வரை, நான்கே மாதம்.

வெளியேறும்போது நடப்பதை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். நூறு ஜிபிக்கு மேல் உள்ள ஆட்டத்தை இரவெல்லாம் இறக்கி வைத்திருப்பீர்கள். அது உங்கள் வன்தட்டில் அப்படியே இருக்கும், இடத்தையும் அடைத்துக்கொண்டிருக்கும். படத்தின் மீது சொடுக்கினால் ஆட்டம் திறக்காது. விலை எழுதிய கடைப் பக்கம் திறக்கும். நீங்கள் ஆடிய நிலை, ஜெயித்த கட்டங்கள், சேர்த்த பொருள்கள் எல்லாம் பத்திரமாகச் சேமிக்கப்பட்டிருக்கும். அவற்றைத் தொட வேண்டுமானால் ஆட்டத்தை விலைக்கு வாங்க வேண்டும். அந்த ஆட்டத்துக்கு விற்கப்படும் கூடுதல் அத்தியாயங்களை ஆயிரம் ரூபாய் கொடுத்துத் தனியாக வாங்கியிருந்தால் இன்னும் பரிதாபம். அத்தியாயம் உங்களுடையது, அது ஓடுவதற்குத் தேவையான மூல ஆட்டம் உங்களுடையது இல்லை. சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் பிளஸ் 'மாத ஆட்டங்கள்' என்று கொடுப்பவற்றுக்கும் இதே நிபந்தனை உண்டு: சந்தா இருக்கும்வரை உங்களுடையவை, நின்ற மறுநாள் பூட்டு.

சோனியும் சளைத்ததில்லை. பிளேஸ்டேஷன் 4 வந்த 2013-இல்தான், நண்பர்களோடு இணையம் வழியே ஆடவே பெரும்பாலான ஆட்டங்களுக்கு பிளஸ் சந்தா கட்டாயமானது. பிளேஸ்டேஷன் 3-இல் அது இலவசமாக இருந்தது. வீட்டு இணைய இணைப்புக்கு ஒரு கட்டணம், ஆட்டத்துக்கு ஒரு விலை, இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்த மூன்றாவது கட்டணம். 2023 செப்டம்பரில் அமெரிக்காவில் பிளஸின் அடிப்படை ஆண்டுச் சந்தா 59.99 டாலரிலிருந்து 79.99 டாலராகவும், உயர்நிலைச் சந்தா 119.99-லிருந்து 159.99 டாலராகவும் ஏறின. அப்போதும் முணுமுணுப்பு எழுந்தது, அடங்கியது. முணுமுணுப்பு எத்தனை நாளில் அடங்கும் என்பதை இந்த நிறுவனங்கள் இப்போது அறிந்துவைத்திருக்கின்றன.

சந்தாவுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வலுவான வாதம் ஒன்று உண்டு. நம் தெருவில் லெண்டிங் லைப்ரரி இருந்ததே, மாதம் சில ரூபாய் கட்டி எத்தனை நாவல்கள் படித்தோம், படித்த புத்தகம் சொந்தமாகவில்லை என்று யாராவது அழுதோமா என்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்த லெண்டிங் லைப்ரரிக்காரர் பதிப்பகத்தை விலைக்கு வாங்கவில்லை. எழுத்தாளரைச் சம்பளத்துக்கு அமர்த்தவில்லை. புத்தகக் கடையை மூடச் சொல்லவில்லை. பிடித்த நாவலை மறுநாள் கடையில் வாங்கி அலமாரியில் வைக்க முடிந்தது, பேரனுக்குக் கொடுக்க முடிந்தது. இங்கே வாடகைக்கு விடுபவர், தயாரிப்பவர், ஆடும் பெட்டியைச் செய்பவர், கடை நடத்துபவர் நால்வரும் ஒருவரே.

மைக்ரோசாஃப்ட், ஆக்டிவிஷன் பிளிஸார்ட் நிறுவனத்தை ஏறக்குறைய 6,900 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது 2023 அக்டோபரில். கால் ஆஃப் டியூட்டி உள்ளிட்ட பெரும் ஆட்டங்கள் அதன் கைக்கு வந்தன. இதைத் தடுக்க அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் நீதிமன்றத்தில் போராடித் தோற்றது. 2024 ஜூலையில் சந்தா விலை ஏறி, புது ஆட்டங்கள் வெளியீட்டு நாளிலேயே கிடைக்காத கீழ்நிலைச் சந்தா ஒன்றும் அறிவிக்கப்பட்டபோது, நாங்கள் அஞ்சிய பாதிப்பு இதுதான் என்று அந்த ஆணையம் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு எழுதியது. அப்போது அதைக் கேட்பாரில்லை. அடுத்த ஆண்டு வந்த உயர்வு அதைவிடப் பெரிது.

ஆட்டங்களைப் படைப்பவர்களாவது வாழ்ந்தார்களா? மைக்ரோசாஃப்டுக்குச் சொந்தமாக இருந்த ஜப்பானிய ஆட்டத் தயாரிப்புக் கூடம் டேங்கோ கேம்வொர்க்ஸ், 2023 ஜனவரியில் ஹை-ஃபை ரஷ் என்ற ஆட்டத்தை வெளியான நாளிலேயே கேம் பாஸில் கொடுத்தது. விமர்சகர்கள் கொண்டாடினார்கள், நிறுவனமே அதைத் தன் வெற்றி என்று சொல்லிக்கொண்டது. 2024 மே மாதம் அந்தக் கூடத்தை மைக்ரோசாஃப்ட் மூடியது. பிறகு தென்கொரியாவின் கிராஃப்டன் அதை எடுத்துக்கொண்டதால் தப்பித்தது. எத்தனை பேர் ஆடினார்கள் என்பது தெரிந்தாலும், அவர்களில் யார் இதற்காகவே பணம் கொடுத்தார் என்பது சந்தாக் கணக்கில் தெரியாது. நல்ல ஆட்டம் எடுத்தவருக்கும் தன் பங்கு இவ்வளவு என்று நிரூபிக்க வழியில்லை.

சந்தா வேண்டாம், விலைக்கே வாங்கிக்கொள்கிறேன் என்பவருக்காவது நிம்மதி உண்டா? நாம் உரக்கச் சொல்ல விரும்பும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. யூபிசாஃப்ட் நிறுவனம் 2014 டிசம்பரில் வெளியிட்ட 'தி குரூ' என்ற கார் பந்தய ஆட்டத்தைப் பலர் வட்டாகவே காசு கொடுத்து வாங்கினார்கள். தனியாக ஆடுவதற்குக்கூட நிறுவனத்தின் சர்வரோடு இணைந்திருக்க வேண்டும் என்பது அதன் அமைப்பு. 2024 மார்ச் 31-ஆம் தேதி சர்வரை நிறுத்தினார்கள். அதோடு விடாமல், வாங்கியவர்களின் கணக்கிலிருந்த உரிமத்தையும் பறித்தார்கள். வட்டு இப்போது டீ டம்ளர் வைக்கத்தான் உதவும். ஆட்டங்கள் சொந்தமாக இல்லாமலிருப்பதற்கு ஆடுபவர்கள் பழகிக்கொண்டால்தான் சந்தா முறை வேகமாக வளரும் என்ற பொருளில், அதே ஆண்டு ஜனவரியில்தான் அதே நிறுவனத்தின் சந்தாப் பிரிவு இயக்குநர் ஒரு பேட்டியில் பேசியிருந்தார்.

பழக்குகிறார்கள். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் கன்சோலில் வட்டு போடும் வசதியே கிடையாது. 2024 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5 ப்ரோவில் வட்டு இயக்கியைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். வட்டு போனால் ஆடி முடித்ததை நண்பனுக்குக் கொடுப்பதும், பழைய பொருளாக விற்பதும் போகும். சென்னை ரிச்சி தெருவில் பழைய கேம் வட்டுகளைக் கைமாற்றி ஆடி வளர்ந்த தலைமுறைக்கு இது புரியும். இணையக் கடையில் 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்தும்போது நாம் பெறுவதும் பெரும்பாலும் உரிமம் மட்டுமே, உடைமை அல்ல. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியா மாநிலம் சட்டம் இயற்றியது. 2025 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. சட்டம் வருகிறது என்றதுமே ஸ்டீம் கடை, பணம் கட்டும் பக்கத்தில் 'இது உரிமம் மட்டுமே' என்ற வரியைச் சேர்த்தது.

கடைகளே மூடப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. வீ யூ, 3டிஎஸ் கருவிகளுக்கான இணையக் கடையில் வாங்கும் வசதியை நிண்டெண்டோ 2023 மார்ச் 27-ஆம் தேதி நிறுத்தியது. அங்கே மட்டும் விற்ற பல ஆட்டங்களை இனி முறையாக வாங்க வழியே இல்லை. அமெரிக்காவில் வெளியான பழைய ஆட்டங்களில் 87 சதவீதம் இப்போது புதிதாக விலைக்குக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. பழைய திரைப்படங்களின் நெகடிவ்களை அழியவிட்டுப் பின்னால் வருந்தியவர்கள் நாம். வட்டும் விற்காமல், உரிமமும் கொடுக்காமல், சந்தாவில் மட்டுமே வாழ்ந்து மறையும் ஆட்டங்களை நாளை எந்தக் காப்பகம் காப்பாற்றும்?

எதிர்த்துக் கேட்டால் பலன் இருக்கிறது என்பதும் இதே கதையில் தெரிகிறது. தி குரூ நிறுத்தப்பட்ட கோபத்தில் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கம் பிறந்தது. விற்ற ஆட்டத்தைக் கைவிடும்போது அதை ஆடத்தக்க நிலையில் விட்டுச் செல்ல வேண்டும் என்ற அதன் கோரிக்கைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூலைக்குள் பத்து லட்சம் கையெழுத்துகள் சேர்ந்தன. தி குரூ 2 ஆட்டத்தை இணையம் இல்லாமலும் ஆடும் வசதியை யூபிசாஃப்ட் 2025 அக்டோபரில் கொடுத்தது. முடியாது என்று சொல்லப்பட்டது முடிந்திருக்கிறது.

கேம் பாஸ் உயர்வு அறிவிக்கப்பட்ட சில நாளில், ஜெர்மனி, தென்கொரியா, இந்தியா உள்ளிட்ட சில நாடுகளில் ஏற்கெனவே தானியங்கிப் புதுப்பிப்பில் இருக்கும் சந்தாதாரர்களுக்குப் புதிய விலை உடனே பொருந்தாது என்று மைக்ரோசாஃப்ட் தெரிவித்தது. காரணம், அந்தந்த நாட்டு விதிகள். நிறுவனத்தின் கையைப் பிடித்தது சட்டம்.

நம்மிடம் அப்படிச் சில விதிகள் உண்டு. மாதாமாதம் தானாகக் கழியும் தொகைக்கு 24 மணி நேரத்துக்கு முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும் என்பது 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி நடைமுறைப்படுத்திய விதி. நுகர்வோரை ஏய்க்கும் பதின்மூன்று இணைய வடிவமைப்புத் தந்திரங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் பட்டியலிட்டது. விலக முடியாதபடி சிக்கவைக்கும் சந்தாப் பொறியும் அதில் ஒன்று. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடை செய்தது. சந்தா கட்டி ஆடும் ஆட்டங்களை அது தடுக்கவில்லை. தடுக்க வேண்டியதும் இல்லை. ஆனால் சந்தா கட்டுபவரின் உரிமை என்ன, விலைக்கு வாங்கியவரின் உரிமை என்ன என்பதில் அந்தச் சட்டத்துக்கு அக்கறை இல்லை.

மத்திய அரசிடம் நாம் கேட்பது அதிகமில்லை. உரிமத்தை மட்டும் விற்கும் எந்தக் கடையும் 'வாங்கு' என்று எழுதும் இடத்திலேயே அதைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் சொல்ல வேண்டும். சந்தா விலையை ஏற்றினால், வாடிக்கையாளர் மறுபடி ஒப்புதல் கொடுக்காமல் புதிய விலையைக் கழிக்கக் கூடாது. மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் ஒழிய வேண்டும். காசு வாங்கி விற்ற ஆட்டத்தின் சர்வரை நிறுத்தும் நிறுவனம், அது தனியாக இயங்க வழிசெய்ய வேண்டும் அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும். கூகுள் தன் ஸ்டேடியா கேம் சேவையை 2023 ஜனவரியில் மூடியபோது, அங்கே வாங்கிய ஆட்டங்களின் விலையைத் திருப்பிக் கொடுத்தது. எனவே இது நடக்காத காரியமில்லை.

சட்டம் வரும்வரை வாசகர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. உங்கள் யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதியையும் வங்கி அட்டையின் தானியங்கிக் கட்டணப் பட்டியலையும் இன்றே திறந்து பாருங்கள். கடந்த மூன்று மாதத்தில் வீட்டில் யாரும் தொடாத கேம் சந்தா அதில் இருந்தால் ரத்து செய்யுங்கள். பிள்ளை உண்மையிலேயே ஆடுகிறது என்றால், அது ஆடும் இரண்டு ஆட்டங்களின் பெயரைக் கேட்டு, தள்ளுபடியில் அவற்றை விலைக்கு வாங்கிக் கொடுங்கள். முடிந்தால் வட்டாக, இல்லையென்றால் ஜி.ஓ.ஜி. போன்று ஆட்டத்தின் கோப்புகளையே இறக்கி வைத்துக்கொள்ள அனுமதிக்கும் கடையில். சந்தாவே வேண்டுமென்றால் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள், கட்டிய அன்றே தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்துவிடுங்கள். ரத்து செய்ய விடாமல் அலைக்கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.